ஜப்பான் பாட்டு, பால்கோவா பக்குவம்... ஃபியூச்சர் ஃபங்க் நம்மளை ஏன் ஆட வைக்குது?

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறி ராஜபாளையத்துல இறங்குறதுக்குள்ள எத்தனை பாட்டு கேட்டிருப்பீங்க? அஞ்சோ ஆறோ இருக்கும். பாதிக்கு மேல 80-ஸ் ராஜா பாட்டு. நீங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே ஹிட்டானது. ஆனாலும் கால் தானா தாளம் போடுதுல்ல? அந்த 'பழசு தர்ற உற்சாக'த்தை மட்டும் பிரிச்செடுத்து, லேப்டாப்ல புதுசா சமைச்சா அதுதான் 'ஃபியூச்சர் ஃபங்க்'.

அது என்ன பாஸ்?

2010-கள்ல இன்டர்நெட்லயே பிறந்து வளர்ந்த இசை. பழைய பாட்டோட வேகத்தைக் குறைச்சு, கனவுல கேக்குற மாதிரி மாத்துற 'வேப்பர்வேவ்' இதுக்கு அண்ணன். அண்ணன் தூங்க வெச்சார். தம்பி ஸ்பீடைக் கூட்டி எழுப்பி விட்டுட்டார். மூலப்பொருள் பெரும்பாலும் 80-களோட ஜப்பான் 'சிட்டி பாப்' பாடல்கள். மெக்ஸிகோவோட மேக்ராஸ் 82-99, அமெரிக்காவோட யங் பே, தென்கொரியாவோட நைட் டெம்போ எல்லாம் இந்த ஏரியாவுல பெரிய கைகள். மரியா டகேயுச்சி 1984-ல பாடின 'பிளாஸ்டிக் லவ்' பாட்டை நைட் டெம்போ ரீமிக்ஸ்ல கேட்டு, அப்புறமா ஒரிஜினலைத் தேடிப் போனவங்க ஏராளம்.

ஏன் இவ்வளவு கிக்?

முதல் காரணம், பால்கோவா டெக்னிக். பாலைச் சுண்டக் காய்ச்சிக் கோவா எடுக்கிற மாதிரி, அஞ்சு நிமிஷப் பாட்டுல இருக்கிற பெஸ்ட்டான சில நொடிகளை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓட விடுவாங்க. காத்திருக்கவே வேணாம், முதல் நொடியிலேயே இனிப்பு.

ரெண்டாவது, 'சைட்செயின்'. டிரம் 'தும்'முனு விழும்போதெல்லாம் மத்த இசை ஒரு நொடி அமுங்கி, உடனே எழும்பும். ஊஞ்சல்ல காலை ஊன்றி எம்புற மாதிரி, பாட்டே மூச்சு விடுற ஃபீல் கிடைக்கும். நம்ம தலை ஆட ஆரம்பிக்கிறது இங்கதான்.

மூணாவது, மொழி புரியாதது! 'பிளாஸ்டிக் லவ்' காதல்ல அடிபட்ட ஒரு பெண்ணோட பாட்டு. அது தெரியாததால நமக்கு வலி வர்றதில்லை, பீட் மட்டும்தான் வருது.

தொகுப்புல என்ன ஸ்பெஷல்?

ஃபியூச்சர் ஃபங்க்கைக் கேக்க ஆரம்பிக்க நல்ல வழி, பல பேரோட டிராக்குகளைச் சேர்த்த தொகுப்பு ஆல்பம். ஒவ்வொருத்தரும் தன்னோட பெஸ்ட்டைக் கொடுத்திருப்பாங்க. எதுக்கு அப்புறம் எதுன்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருப்பார். உங்க அப்பா, சித்தப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. பேப்பர்ல லிஸ்ட் எழுதி, கேசட் கடையில கொடுத்து, 60 இல்ல 90 நிமிஷ கேசட்ல 'ஏ' பக்கம், 'பி' பக்கம்னு பதிவு பண்ணி வாங்கின கதை சொல்வாங்க. அதே ரசனை, அதே வேலைதான் இது.

பால் யாரோடது?

இங்கதான் ஒரு நெருடல். கோவா ருசியில, பால் யாரோடதுன்னு கேக்க மறந்துடுறோம். நிறைய டிராக்குகள் அனுமதி வாங்காம எடுத்தவை. ஒரிஜினல் பாடகர் பேருகூட இருக்காது. மிகி மட்சுபாரா 1979-ல பாடின 'ஸ்டே வித் மீ' 2020 கடைசியில டிக்டாக் மூலமா உலகம் முழுக்க வைரலாச்சு. ஆனா, அவர் 2004-லயே புற்றுநோயால இறந்துட்டார். அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்க அவர் இல்லை.

நம்ம ஊர்ப் பாலும் கடல் தாண்டிப் போயிருக்கு. 1985-ல வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துல ராஜா போட்ட ஒரு பாட்டோட துண்டுதான், 2003-ல பிளாக் ஐட் பீஸ் குழுவோட 'எலிஃபங்க் தீம்'ல ஒலிக்குது. அதுக்கு ஆடின வெளிநாட்டுக்காரங்கள்ல எத்தனை பேருக்கு இளையராஜாவைத் தெரிஞ்சிருக்கும்? அதே சமயம், 1977 முதல் 1983 வரைக்குமான ராஜாவோட எலெக்ட்ரானிக் பாட்டுகளை 'சொல்லச் சொல்ல'ன்னு தொகுத்து, அவர் பேரை அட்டையிலேயே போட்டு வெளியிட்டது 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்'ங்கிற பிரிட்டிஷ் நிறுவனம். நைட் டெம்போவும் 2019-ல இருந்து 'ஷோவா குரூவ்'ங்கிற பேர்ல, முறையா அனுமதி வாங்கியே பழைய பாட்டுகளைப் புதுசாக்கித் தர்றார். ஆக, பேரைச் சொல்லியும் ஆட வைக்க முடியும்!

அதனால, இந்த வாரம் ஒரு சின்ன டாஸ்க். ஒரு ஃபியூச்சர் ஃபங்க் தொகுப்பை முழுசா கேளுங்க, ஜாலியா ஆடுங்க. ரொம்பப் பிடிச்ச ஒரே ஒரு டிராக்கோட ஒரிஜினலைத் தேடிப் பிடிச்சு, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேளுங்க. யார் பாடினது, யார் இசைன்னு பாருங்க. அடுத்து அதை ஸ்டேட்டஸ்ல வைக்கும்போது, அந்தப் பேரையும் சேர்த்துப் போடுங்க மக்களே!