ஆயிரம் டாலர் மாத்திரையும் 84-ஆம் பிரிவும்

ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. பன்னிரண்டு வாரத்துக்கு 84 மாத்திரைகள். ஹெப்பாடைட்டிஸ் சி கிருமியை உடம்பிலிருந்து அடியோடு விரட்ட, சொஃபோஸ்புவிர் மருந்தை இன்னொரு மருந்தோடு சேர்த்துப் பெரும்பாலோருக்கு இப்படித்தான் கொடுக்கிறார்கள். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது கிலியட் நிறுவனம் வைத்த விலை, மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர். அன்றைக்கு மலேசியாவின் பாகான் செராய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கியவருக்கு, முழுச் சிகிச்சையின் விலை இருபது ஆண்டு வருமானத்தைத் தாண்டியிருக்கும். மலேசியாவில் இந்தக் கிருமியோடு வாழ்பவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் என்பது 2017-இல் சுகாதார அமைச்சின் மதிப்பீடு.

இவ்வளவு விலைக்கு வழிவிட்டது காப்புரிமை. புதிய மருந்தைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை ஊரறிய எழுதிக் கொடுக்கிறார்; பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அவர் அனுமதியின்றி அதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று அரசாங்கம் காவல் நிற்கிறது. இந்த ஏற்பாடு வேண்டியதுதான். பல ஆண்டு ஆராய்ச்சியும் பெரும் முதலீடும் இல்லாமல் சொஃபோஸ்புவிர் பிறந்திருக்காது. ஆனால் மக்களின் நன்மைக்காக மக்களின் அரசாங்கம் கொடுக்கும் உரிமை இது. எல்லையில்லாத சொத்து அல்ல.

அந்த எல்லை மலேசியாவின் 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நெருக்கடியிலோ, சுகாதாரம் போன்ற பொதுநலத் தேவைக்காகவோ, உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்த 84-ஆம் பிரிவு அரசாங்கத்துக்கு வழிவிடுகிறது. காப்புரிமை ரத்தாவதில்லை, உரிமையாளருக்கு நியாயமான ஈட்டுத்தொகையும் உண்டு. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் இதை அனுமதிக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்காக நாடுகள் இந்த உரிமையைப் பயன்படுத்தலாம் என்பதை 2001 டோஹா பிரகடனம் ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது.

2017 செப்டம்பரில் அமைச்சரவை இந்தப் பிரிவைக் கையிலெடுத்ததை அறிவித்தவர் அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். சொஃபோஸ்புவிருக்காக இப்படி ஒரு முடிவை உலகில் முதலில் எடுத்த நாடு மலேசியா. அதே மருந்தின் மலிவு விலை நகலை (ஜெனரிக்) தயாரிக்க கிலியட் இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்த உரிமத்தில், ஓரளவு வசதியான நாடு என்று சொல்லி மலேசியாவை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் உரிமம் செல்லும் நாடுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படியும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. ஒரே வாசலை நம்பி நோயாளிகளை நிறுத்தி வைக்காதது சரியான முடிவு என்பேன். எகிப்தில் தயாரான ஜெனரிக் மாத்திரை வந்தது. ஒருவரின் முழுச் சிகிச்சைக்கு அரசாங்கம் செலவிடும் தொகை 300 டாலர் அளவுக்கு இறங்கியது. அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது.

மலேசியாவுக்கு இது முதல் முறையும் அல்ல. 2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்காக இதே பிரிவைப் பயன்படுத்தி, இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து ஜெனரிக் மாத்திரைகளை வரவழைத்தது. இந்தியாவும் 2012-இல் நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்தை உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனம் தயாரிக்கக் கட்டாய உரிமம் கொடுத்தது; மாதம் ஏறக்குறைய 2.8 லட்சம் ரூபாயாக இருந்த மருந்து 8,800 ரூபாய்க்குக் கிடைத்தது.

   

மருந்து மலிந்தும் பலர் இன்னும் அதனிடம் வந்து சேரவில்லை. இந்தக் கிருமி இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் கல்லீரலை அரிக்கும். வயிறு வீங்கி, கண் மஞ்சளிக்கும்போது காலம் கடந்திருக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஊசியில் போதை மருந்து ஏற்றியவர்கள், சுத்தமில்லாத ஊசியில் பச்சை குத்திக்கொண்டவர்கள் பக்கத்து அரசாங்க சுகாதார நிலையத்தில் (கிளினிக் கெசிஹாத்தான்) சோதனை கேட்கலாம். விரைவுச் சோதனைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். கிருமி இருப்பது உறுதியானால், அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு.