ஹந்தானை மலையும் எண்பது வயது இண்டியானா ஜோன்ஸும்

2023இல் வெளிவந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டயல் ஒஃப் டெஸ்டினி' படத்தில் ஒரு கட்டம். வயதான ஜோன்ஸ் குகைச் சுவரொன்றில் மூச்சு வாங்க ஏறுகிறார். பாதியில் நின்று, தன் உடம்பு பட்ட பாட்டையெல்லாம் கூட வரும் பெண்ணிடம் சொல்லித் தீர்க்கிறார். முள்ளந்தண்டு தேய்ந்தது, காலில் தகடு வைத்தது, காளியின் இரத்தத்தைக் குடிக்க வைத்தது என்று நீளுகிறது அந்தப் புலம்பல். கண்டிக்காரருக்கு அது வெறும் வசனம் அல்ல. காளி கதை வந்த 'டெம்பிள் ஒஃப் டூம்' படத்தின் வறண்ட கிராமம் எங்கள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில்தான் போடப்பட்டது. நான் அந்தத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளை.

கதை நடப்பது 1935 இந்தியாவில். ஆனால் திரைக்கதையைப் படித்த இந்திய அரசு, மாற்றங்கள் செய்யாமல் அனுமதி இல்லை என்றது. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பில்பேர்க்கின் குழு கண்டிக்கு வந்து 1983 ஏப்ரல் 18ஆம் திகதி படப்பிடிப்பைத் தொடங்கியது. இங்குள்ள வேலைகளுக்குப் பொறுப்பாக நின்றவர்களில் நம் நாட்டுத் திரைப்படக்காரர் சந்திரன் இரத்தினமும் ஒருவர். கிராமத்துப் பூசாரியாக நடித்தவர் சிங்களத் திரையின் பெயர்பெற்ற நடிகர் டி. ஆர். நாணயக்கார. இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் அந்த ஊரில் சனம் பேசுவது சிங்களம். கூர்ந்து கேட்டால் இன்றைக்கும் விளங்கும்.

தொங்குபாலச் சண்டையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மகாவலிக்குக் குறுக்கே விக்டோரியா அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அணை வேலைக்கு வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளர்களின் உதவியோடுதான் உருக்கு வடம் இழுத்து அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். ஸ்பில்பேர்க்குக்கு உயரம் என்றால் பயம். மறுகரைக்குப் போகப் பாலத்தில் கால் வைக்காமல் வாகனத்தில் சுற்றிக்கொண்டு போவார். ஜோன்ஸாக நடித்த ஹரிசன் போர்டோ அதன்மேல் ஓடிக் காட்டினார். பாலத்தை அறுக்கும் காட்சியை ஒரே தடவைதான் எடுக்கலாம் என்பதால் பல கமராக்களை வைத்தார்கள். கீழே விழுந்தவை கைகால் அசையும் பொம்மைகள்.

போர்டுக்கு அப்போது நாற்பது வயது. முன்பே இருந்த முதுகுநோவு இங்கே யானைமேல் ஏறி ஏறி மோசமானது. அடுத்து லண்டனில் சண்டைக்காட்சி எடுக்கும்போது அவரால் நிமிரவே முடியாமல் போய், லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோனார்கள். பப்பாளியிலிருந்து எடுக்கும் ஒரு நொதியை முள்ளந்தண்டு வட்டுக்குள் ஊசியால் செலுத்தி, பிதுங்கிய பகுதியைக் கரைப்பது அன்றைய புது வைத்தியம். அதைத்தான் செய்தார்கள். அவர் குணமாகும்வரை பல வாரங்கள் விக் ஆம்ஸ்ட்ரோங் என்ற சண்டைக் கலைஞர் அவருக்குப் பதிலாக நடித்தார். இந்தக் கதாநாயகனின் உடம்பும் மனித உடம்புதான் என்பது கண்டிப் படத்திலேயே தெரிந்துவிட்டது.

1989இல் மூன்றாவது படத்தோடு நின்ற தொடர், 19 ஆண்டுகள் கழித்து 2008இல் மறுபடி வந்தது. இந்தப் படங்களைத் தயாரித்த லூகாஸ்பிலிம் நிறுவனத்தை 2012இல் டிஸ்னி 400 கோடி டொலருக்குமேல் கொடுத்து வாங்கிய பிறகு ஐந்தாவது படம். அது வெளிவந்தபோது போர்டுக்கு எண்பது முடிந்து 81 நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 30 கோடி டொலர் செலவு, உலக வசூல் 38 கோடி. வசூலில் பாதியளவு தியேட்டர்காரருக்குப் போவதால் அது நட்டக் கணக்குத்தான்.

எங்கே பிழைத்தது? படத் தொடக்கத்தில், 1944இல் நடக்கும் நீண்ட பகுதிக்காக, பழைய படச்சுருள்களையும் கணினியையும் வைத்து அவரை இளைஞராக்கினார்கள். முகம் இளசாக இருக்கிறது. குரலும் ஓட்டமும் கிழவருடையவை. அதற்குப் பிறகு, 1969இல் தனியே வாழும் ஓய்வுபெற்ற பேராசிரியராக அவர் வரும்போதுதான் படத்துக்கு உயிர் வருகிறது. என் தீர்ப்பு இதுதான்: பழைய நாயகனை மறுபடி கூட்டிவருவதென்றால் அவர் வயதையும் சேர்த்துக் கூட்டிவர வேண்டும். நம்மவருக்கும் இந்த ஆசை உண்டு. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 56 வயதில் 'உலகம் சுற்றும் வாலிபன்' தந்தார். அதன் தொடர்ச்சியாக அறிவித்த 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' அவர் காலத்தில் எடுக்கப்படவே இல்லை. 2018இல் அவரைக் கணினியில் உருவாக்கி அதே படத்தை எடுக்கப்போவதாகத் தொடக்கவிழா நடத்தினார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

கண்டிப் படத்தில் குட்டித் தோழனாக வந்த கே ஹுய் குவான், வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்கா போன சிறுவன். வளர்ந்தபின் வாய்ப்பில்லாமல் பல ஆண்டுகள் நடிப்பை விட்டிருந்தார். 2023 மார்ச்சில் ஒஸ்கார் வாங்கிய இரவில் மேடையில் போர்ட் அவரைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்து அழுதேன். எந்தக் கணினியும் தராத மறுவருகை அது.

அந்தக் கண்டிப் படத்தின்மேல் எனக்குக் கோபமும் உண்டு. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு நேர்ந்துகொண்டு போகிற சனம் நாங்கள். எங்கள் காளியை நரபலி கேட்கும் பேயாகவும், நம்மவரைக் குரங்கு மூளை தின்பவராகவும் காட்டியதை இன்றும் பொறுக்க முடியவில்லை.

படக்குழு போய் மூன்று மாதம் ஆகுமுன் தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம் வந்தது. அதன்பிறகு எங்கள் வீடுகளில் யானையையும் பாலத்தையும் பேச யாருக்கு மனம் இருந்தது? ஷூட்டிங் பார்த்தவர்கள், கூலிக்குச் சாமான் சுமந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கும் இப்போது போர்டின் வயதுதான். ஹந்தானையிலோ விக்டோரியாப் பக்கமோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த மாதமே அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். குரலைப் பதிந்து வையுங்கள்.