கடல் பார்வைக்குத்தான் தட்டை

நீங்களும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கைபேசியில் பேசினாலும், என் குரல் நேராக உங்களிடம் வராது. முதலில் டவருக்குப் போகும், அங்கிருந்து கம்பெனியின் நிலையத்துக்குப் போகும், மறுபடி டவருக்கு வந்து அதன் பிறகே உங்கள் காதை எட்டும். டவர் நிற்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. புயலில் டவருக்கு மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது? டவரே இல்லாத மலைக்காட்டில்? கரை மறைந்துபோன நடுக்கடலில்? பத்தடி தூரத்தில் இருக்கும் இரண்டு கருவிகள்கூட அங்கே ஒன்றுக்கொன்று உதவாது.

இதற்காகப் பிறந்ததுதான் டவர் இல்லாமல் கருவிகளே தங்களுக்குள் பின்னிக்கொள்ளும் ரேடியோ வலை. வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்களே, வேலை அதுதான். என் செய்தி உங்களை நேராக எட்டாவிட்டால், நடுவில் இருப்பவரின் கருவி அதை வாங்கி உங்களிடம் கொடுக்கும். சிக்கல் எங்கே என்றால், இங்கே வரிசையில் நிற்கும் எல்லோரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒரு நிமிடத்தில் காணாமல் போவார், புதியவர் வருவார். இப்போது யார் வழியாக அனுப்புவது என்பதை ஒவ்வொரு கருவியும் நொடிக்கு நொடி தானே முடிவு செய்தாக வேண்டும்.

அந்த முடிவுக்கான விதிமுறைகள் எத்தனையோ உண்டு. தேவைப்படும்போது மட்டும் அக்கம்பக்கத்தில் விசாரித்து வழி தேடுவது ஒரு வகை, ஏஓடிவி அப்படிப்பட்டது. தேவை இருக்கிறதோ இல்லையோ, வலையின் வரைபடத்தை எப்போதும் கையில் வைத்திருப்பது இன்னொரு வகை. ஓஎல்எஸ்ஆர் அதைச் சேர்ந்தது. இரண்டும் இணையத் தர ஆவணங்களாக 2003இல் வெளிவந்தன. எது சிறந்தது என்று கேட்டால், எந்த இடத்தில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இடம் என்பது இந்தக் கதையில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் 1971இல் இயங்கத் தொடங்கிய அலோஹா வலை, கடல் பிரித்துவைத்த தீவுகளை ரேடியோவால் கணினியுடன் இணைக்க எழுந்தது. செய்தி இருந்தால் உடனே அனுப்பு, இன்னொருவர் செய்தியோடு மோதிவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு என்பதே அதன் விதி. ஒருவர் செய்தியை இன்னொருவர் கைமாற்றும் வேலை அதில் இல்லை. அதைச் செய்துபார்த்தது அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்ப்பாவின் பாக்கெட் ரேடியோ வலை. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் குன்றுகளின் மேல் ரேடியோ மறுபரப்பிகளை நிறுத்தி, எஸ்ஆர்ஐ நிறுவனத்தார் ஒரு வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டினார்கள். 1977 நவம்பர் 22 அன்று, ஓடும் அந்த வேனிலிருந்து கிளம்பிய செய்தி ரேடியோ வலை, கம்பிவழிக் கணினி வலையான ஆர்ப்பாநெட், அட்லாண்டிக் மீதிருந்த செயற்கைக்கோள் வலை என மூன்றையும் கடந்து ஐரோப்பா போய், திரும்பி லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை அடைந்தது. இன்றைய இணையத்தின் முக்கியமான ஒத்திகைகளில் ஒன்று, ஒரு வேனை ரோட்டில் ஓட்டிப் பார்த்ததால் நடந்தது.

ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ரோட்டுக்கு இறங்கவில்லை. இத்துறையின் முக்கிய மாநாடு ஒன்றில் 2000 முதல் 2005 வரை வெளியான 151 கட்டுரைகளை ஒரு குழு எடுத்துப் பார்த்தது. அவற்றில் 114 கட்டுரைகள் கணினிக்குள் நடத்திய பாவனைச் சோதனைகளை நம்பியிருந்தன. இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்துபார்க்கும் அளவுக்கு விவரம் தந்தவை மிகக் குறைவு. ஐம்பது கருவிகளை வெயிலில் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பணமும் ஆளும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் கணினிக்குள் இருக்கும் உலகம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டாமா?

டார்ட்மத் கல்லூரியின் டேவிட் கோட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் அதைத்தான் பார்த்தார்கள். அந்தப் பாவனை உலகம் தட்டையானது. அங்கே ரேடியோவின் எல்லை கச்சிதமான வட்டம். எல்லா ரேடியோவுக்கும் ஒரே எட்டம். நான் சொல்வது உங்களுக்குக் கேட்டால், நீங்கள் சொல்வதும் எனக்குக் கேட்கும். கொஞ்சம் கேட்டாலே முழுமையாகக் கேட்கும். தூரம் கூடக் கூட சிக்னல் ஒழுங்காகக் குறையும். உலகம் தட்டையல்ல என்பதற்குச் சோதனையே வேண்டாம். மற்ற ஐந்தையும் சரிபார்க்க, 2003 அக்டோபரில் ஒரு விளையாட்டு மைதானத்தில் 33 மடிக்கணினிகளை ஜிபிஎஸ்ஸோடு ஆட்களிடம் கொடுத்து நடக்கவிட்டு எடுத்த பதிவுகளைப் பயன்படுத்தினார்கள். ஐந்தும் நிற்கவில்லை. ஒருவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பதே செய்தி சேர்வதை மாற்றியது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இணைப்புகள் தாராளமாக இருந்தன. இத்தனைக்கும் அது பந்து விளையாடும் திறந்தவெளி!

இந்த வகைச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் செய்தது. மடிக்கணினியைக் கையில் ஏந்திய ஆட்களுக்கு எப்போது நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று திரையே கட்டளையிடும். அதனால் ஒரே நடையை மறுபடி மறுபடி நடத்திப் பார்க்க முடிந்தது. அங்கே ஒரு விசித்திரம். அடுத்த கருவி பக்கத்தில் இருப்பதாக வலை அடித்துச் சொல்கிறது, ஆனால் அதன் வழியாக அனுப்பிய தரவு போய்ச் சேரவில்லை. காரணத்தைத் தோண்டினார்கள். "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒவ்வொரு கருவியும் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பு மிகச் சிறியது. அது எல்லோருக்கும் பொதுவான அறிவிப்பு என்பதால் நொடிக்கு 2 மெகாபிட் என்ற மெதுவான வேகத்தில் போகும். மெதுவான சிக்னல் தூரம் எட்டும். தரவோ பெரியது, 11 மெகாபிட் வேகத்தில் போவது, அதன் எட்டம் குறைவு. ஆக, அறிவிப்பு மட்டும் கேட்டு தரவு கேட்காத ஒரு பட்டை உருவாகிவிடுகிறது. அந்தப் பட்டைக்குள் இருப்பவரை நம்பி அனுப்பியதெல்லாம் தொலைந்தது. வலுவான அறிவிப்புகளை மட்டுமே கணக்கில் எடுப்பது போன்ற மாற்றங்கள் செய்ததும் நிலைமை பெரிதும் சீரானது. 2002இல் வெளிவந்த இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே, திரையைப் பார்த்துக்கொண்டு நடந்த அந்த ஆட்களுக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது.

இப்போது கடலுக்கு வருவோம். மரம் இல்லை, கட்டடம் இல்லை, ரேடியோவுக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும். முதல் தடை பூமியின் வளைவு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அதன் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைகளுக்கும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கு இடையே ஏறக்குறைய 16 கிலோமீட்டர். கரையில் 49 மீட்டர் டவர் இருந்தால் படகுக்கு 37 கிலோமீட்டர். அனுப்பும் சக்தியைக் கூட்டி இந்த எல்லையை அதிகம் நகர்த்த முடியாது. நடுவில் இன்னொரு படகு நின்று கைமாற்றினால் முடியும். கடலில் இந்த வலைக்கு இருக்கும் மதிப்பு அங்கேதான்.

இரண்டாவது தடை நுட்பமானது, பொறுமையாகக் கேளுங்கள். டவரிலிருந்து படகுக்கு சிக்னல் நேராக ஒரு வழியிலும், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து இன்னொரு வழியிலும் வருகிறது. தெறிக்கும்போது ரேடியோ அலை தலைகீழாகப் புரளும். இரண்டும் சேரும்போது சில தூரங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும், சில தூரங்களில் ஒன்றுக்கொன்று பலம் சேர்க்கும். அதே 49 மீட்டர் டவர், 4 மீட்டர் படகு ஆன்டெனா, வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஆகியவற்றுக்குக் கணக்குப் போட்டால், சுமார் 3.1 கிலோமீட்டரில் சிக்னல் சரிந்து, 6.3 கிலோமீட்டர் வாக்கில் நன்றாக இருக்கும். கிட்டே கிடைக்காதது எட்டப் போனால் கிடைக்கிறது. அடுத்து ஓர் அலை வந்து படகை அரை மீட்டர் தூக்குகிறது என்று வையுங்கள். அந்தச் சரிவு 3.5 கிலோமீட்டருக்கு நகர்ந்துவிடும். படகு அதே இடத்தில்தான் இருக்கிறது, இணைப்பு மட்டும் வந்து வந்து போகிறது. பக்கத்துப் படகு விலகிப் போய்விட்டது என்று நினைத்து வலை வேறு வழி தேடத் தொடங்கும். அந்தத் தேடலிலேயே அலைவரிசை நிரம்பிவிடும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் தெறிப்பு சிதறி இந்தச் சரிவு மங்கும், ஆனால் அலைமுகடே நடுவில் வந்து மறைக்கும். அமைதியான கடலுக்கு ஒரு நடத்தை, கொந்தளிக்கும் கடலுக்கு இன்னொன்று.

மூன்றாவது, படகின் ஆட்டம். தூரம் எட்ட வேண்டும் என்று சிக்னலைக் கிடைமட்டத்தில் குவிக்கும் ஆன்டெனாவை வைத்தால், படகு சாயும்போது ஒரு பக்கத்துக் குவிப்பு தண்ணீருக்குள்ளும் மறுபக்கத்தது வானத்துக்கும் போகும். குவிப்பைக் குறைத்தால் எட்டம் குறையும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் படகில் ஏற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இதெல்லாம் நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலே சாட்சி. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்திலிருந்து நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போன ஆழ்கடல் படகுகள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலில் இருந்தன. அவற்றிலிருந்த மீனவர்களின் ஒயர்லெஸ் செட்டின் எட்டத்துக்கு அப்பால் கரை இருந்தது. கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் ஓஷன்நெட் என்ற பெயரில், கரையிலிருந்து தொலைதூர வைஃபை கொடுத்து, மீன்பிடிப் படகுகளையே வலையின் கண்ணிகளாக்கும் முயற்சியைக் கடலிலேயே சோதித்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் கருவிகளும் வந்துவிட்டன, வரட்டும். ஆனால் கூட்டமாகத் தொழில் செய்யும் படகுகள் தங்களுக்குள் செய்தியைக் கைமாற்றிக்கொள்ள முடிவது தனியொரு பாதுகாப்பு. அதற்கு ஈடு எதையும் நான் பார்க்கவில்லை.

ஆகவே, உங்கள் ஊர்ச் சங்கத்துக்கோ பேரிடர்க் குழுவுக்கோ யாராவது இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்து "இத்தனை கிலோமீட்டர் போகும்" என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருந்தது? அன்று கடல் எப்படி இருந்தது? போய்ச் சேராத செய்திகளின் பதிவு எங்கே? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், நம் கடலில், நம் படகில், காற்று மாதத்தில் ஒருமுறை ஓட்டிக்காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு காசு கொடுங்கள்.