தீபாவளி வீட்டில் ‘21’ ஆட்டம்: விதி என்ன? சட்டம் என்ன சொல்கிறது?

தீபாவளி விருந்து முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை பல வீடுகளில் சீட்டுக்கட்டு வெளியே வரும். “அங்கிள், இன்னொன்னு போடுங்க!” என்ற குரலும் கேட்கும். அதுதான் ‘21’. கேசினோவில் இதன் பெயர் பிளேக்ஜேக். சீன நண்பர்கள் வீட்டில் பான் லக்.

எப்படி விளையாடுவது?

உங்கள் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் பேங்கரைவிட அதிகமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம்.

2 முதல் 10 வரை சீட்டில் உள்ள எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா தலா 10. ஏஸ் 1 அல்லது 11, உங்களுக்கு எது வசதியோ அது.

முதலில் ஆளுக்கு 2 சீட்டு. கையில் 9-ம் 5-ம் இருந்தால் மொத்தம் 14. இன்னொன்று கேட்கலாம், போதுமென்று நிற்கலாம். 21-ஐத் தாண்டினால் அங்கேயே பணம் போச்சு. கேசினோ பேங்கருக்குச் சொந்த முடிவு கிடையாது: 16 வரை எடுத்தே ஆக வேண்டும், பொதுவாக 17-இல் நிற்க வேண்டும்.

முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டும் வந்தால் பிளேக்ஜேக். 3-க்கு 2 என்ற மேசையில் 100 ரிங்கிட்டுக்கு 150 கிடைக்கும். 6-க்கு 5 என்றால் 120 மட்டுமே.

பான் லக் விதிகள் வீட்டுக்கு வீடு மாறும். பல வீடுகளில் குறைந்தது 16 சேரும்வரை எடுக்க வேண்டும். இரண்டு ஏஸ் வந்தால் மும்மடங்கு. இதையெல்லாம் முதல்லயே பேசிக்கணும், இல்லன்னா சண்டைதான்.

பேங்கருக்கே ஏன் சாதகம்?

கேசினோவில் நீங்கள்தான் முதலில் ஆட வேண்டும். நீங்கள் தாண்டிய பிறகு பேங்கரும் தாண்டினாலும் உங்கள் பணம் திரும்பாது.

ஏஸ் இல்லாமல் கையில் 16 இருக்கிறது, இன்னொன்று கேட்கிறீர்கள். 13 வகைச் சீட்டுகளில் 6 முதல் ராஜா வரை 8 வகை உங்களைக் கவிழ்க்கும். அதாவது 100-க்குச் சுமார் 62 முறை தோல்வி.

“விட்டதைப் பிடிச்சிடலாம்” என்று பந்தயத்தை இரட்டிப்பாக்குபவர்கள் உண்டு. 10 ரிங்கிட்டில் தொடங்கி 6 முறை தொடர்ந்து தோற்றால் 630 ரிங்கிட் போயிருக்கும். 7-ஆவது முறை 640 வைக்க வேண்டும். அதில் வென்றாலும் மொத்த லாபம் 10 ரிங்கிட்தான்!

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் மலையில் மட்டுமே உள்ளது. முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் அங்கு அனுமதி இல்லை.

மற்ற இடங்களுக்கு 1953-ஆம் ஆண்டு பொதுச் சூதாட்டக் கூடங்கள் சட்டம் பொருந்தும். பொதுமக்கள் வந்துபோகும் இடம் மட்டுமல்ல, வழக்கமாகச் சூதாட்டம் நடக்கும் தனி வீடும் ‘சூதாட்டக் கூடம்’ ஆகலாம். அங்கே ஆடுபவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நடத்துபவருக்குத் தண்டனை இன்னும் கடுமை: 50,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை.

காசு இல்லாமல் ஆடினால் இந்தச் சிக்கலே இல்லை. புளியங்கொட்டையோ முறுக்கோ வைத்து ஆடிப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கும் வரும்.

வீட்டில் யாராவது ஆட்டத்துக்காக ‘ஆலோங்’கிடம் கடன் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டால், அது விளையாட்டு இல்லை. திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். மனம்விட்டுப் பேச ஆள் தேவைப்பட்டால் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.