படகுக் கருவி வாங்குமுன் பிளக்கைப் பாருங்கள்

பம்புசெட்டின் வாயும் ஹோஸின் அளவும் பொருந்தாவிட்டால் தண்ணீர் வயலுக்குப் போகாது. படகில் பொருத்தும் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

மாமல்லபுரம், கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் பைபர் படகில் தொழில் செய்வோருக்கு ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், ஒயர்லெஸ் ஆகியவை பெரிதும் உதவும். ஐதராபாத்திலுள்ள 'இன்காய்ஸ்' நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அட்சரேகை, தீர்க்கரேகையுடன் அறிவிக்கிறது. ஜி.பி.எஸ். இருந்தால் எரிபொருளை வீணாக்காமல் அங்கே போய்வரலாம். ஆனால் இரவில் நடுக்கடலில் இணைப்பு விட்டுப்போனால், கொடுத்த பணத்தோடு வழியும் போய்விடும்.

பிளக் வேறு, முறை வேறு

ஒரு கருவி அறிந்த விவரத்தை மற்றொன்றுக்கு அனுப்ப இரண்டு முறைகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. 1983-இல் வந்த என்.எம்.இ.ஏ. 0183 முறைக்குப் பொதுவான பிளக் கிடையாது. ஒயர்களின் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கருவியின் அனுப்பும் ஒயரை மற்றதன் வாங்கும் ஒயரோடு சேர்க்க வேண்டும். நிறத்தை நம்பாமல் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

பின்னர் வந்த என்.எம்.இ.ஏ. 2000 முறையில் எல்லாக் கருவிகளும் 5 பின் பிளக் மூலம் ஒரே கேபிளில் சேரும். கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ரேமரைன், சிம்ராட் போன்ற கம்பெனிகள் இதே முறைக்குத் தனிப் பிளக்குகளையும் வைத்துள்ளன. அவற்றுக்கு அடாப்டர் கேபிள் போதும். ஆனால் 0183 கருவியை 2000 கருவியோடு சேர்க்க கன்வர்ட்டர் வேண்டும். ஒயரை வெட்டி முறுக்கினால் பயன் இல்லை. கருவி கெடவும் கூடும்.

சிறு படகுக்கு ஜி.பி.எஸ்.ஸும் எக்கோ சவுண்டரும் ஒன்றாக உள்ள கருவியே நல்லது. இணைப்புத் தொல்லை குறையும்.

எக்கோ சவுண்டர்

படகின் அடியில் பொருத்தும் டிரான்ஸ்டியூசரும் கருவியும் ஒரே அலைவரிசைக்கு உரியவையாக இருக்க வேண்டும். 200 கிலோ ஹெர்ட்ஸ் ஆழம் குறைந்த கடலுக்கும், 50 கிலோ ஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கும் ஏற்றவை. பிளக் பொருந்திவிட்டது என்பதற்காக வேறு டிரான்ஸ்டியூசரை மாட்டக் கூடாது. கேபிள் நீளமாக இருந்தால் வெட்டாமல் சுருட்டிக் கட்ட வேண்டும்.

பாட்டரியும் உப்பும்

கருவி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும். வெறும் டேப் சுற்றினால் உப்புநீர் புகுந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈயம் பூசிய செப்பு ஒயரே கடலுக்கு ஏற்றது.

கடையில் கேட்க வேண்டியவை

1. எந்த முறை, எத்தனை பின்?

2. அடாப்டர் கேபிள் பெட்டியில் உள்ளதா, தனி விலையா?

3. உதிரி கேபிள் பக்கத்தில் கிடைக்குமா?

ஒரே ஊரில் உள்ளவர்கள் ஒரே கம்பெனிக் கருவியை வாங்கினால், அவசரத்துக்கு ஒருவர் கேபிள் மற்றவருக்கு உதவும்.

படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் இலவசமாகப் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கப்பட்டது. இலக்கு 1 லட்சம் படகுகள். விவரத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

எந்தக் கருவியையும் கரையிலேயே இயக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுப்பது நல்லது. திசைகாட்டி ஒன்றையும் படகில் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிளக்கும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணைக் கூப்பிடலாம்.