எந்த ஆறு முதலில் தெளியும்?

ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்துக்கு வேலை மாறிப் போயிருக்கும் வாசகர் ஒருவர், குளிர்கால ஸ்டீல்ஹெட் பிடிக்க எந்த ஆற்றுக்குப் போகலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். படகு கிடையாது, கரையில் நின்றுதான் தூண்டில் போட வேண்டும், சனி ஞாயிறு மட்டும்தான் ஓய்வு என்கிறார். முடிச்சுப் போடுவதும் இரை கோப்பதும் அவருக்குப் பழக்கம். அதனால் நேராக ஆற்றுக்கே வருகிறேன்.

மீனைப் பற்றி மட்டும் சுருக்கமாக. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே ரெயின்போ டிரவுட், அதுவும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஆற்றோடு நின்றுவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் மேய்ந்துவிட்டு, நான்கைந்து கிலோ எடையோடு பிறந்த ஆற்றுக்கே திரும்பினால் ஸ்டீல்ஹெட். இதில் குளிர்கால வகை நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, மழையில் ஆறு ஏறும்போதெல்லாம் கூட்டம் கூட்டமாக உள்ளே வரும்.

புதிதாகப் போகிறவர்கள் பெயர் பெற்ற ஆறாகப் பார்த்து, ஒரு மாதம் முன்பே விடுதி எடுத்துவிடுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்து ஹோ ஆற்றுக்கு அப்படித்தான் கூட்டம் சேர்கிறது. குளிர்காலத்தில் ஆற்றை வெள்ளிக்கிழமை இரவுதான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. போன வாரம் மீன் கொடுத்த ஆறு இந்த வாரம் செம்மண் குழம்பாக ஓடலாம்.

முடிவு செய்ய உதவும் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் பல ஆறுகளில் அளவுமானி வைத்திருக்கிறது. நீர்மட்டம் எத்தனை அடி, வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்ற கணக்கு நாள் முழுவதும் புதுப்பிக்கப்படும். மேட்டூர் நீர்வரத்துச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்குக் கன அடியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. வரைகோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறும் ஆற்றில் மீன் நகர்ந்துகொண்டே இருக்கும், தண்ணீரும் கலங்கியிருக்கும். இறங்கும் ஆற்றில்தான் அது ஓரிடத்தில் நின்று இரையைப் பார்க்கும்.

என்னை இன்னமும் வியக்க வைப்பது ஆறுகள் தெளியும் வரிசை. ஒரிகன் கடற்கரையின் டில்லமூக் விரிகுடாவில் மட்டும் ஐந்து ஆறுகள் வந்து விழுகின்றன: மயாமி, கில்சிஸ், வில்சன், ட்ராஸ்க், டில்லமூக். வடக்கே நெகானிகமும் நெஹேலமும், தெற்கே நெஸ்டக்காவும் தனித்தனியே கடல் சேர்கின்றன. பசிபிக்கிலிருந்து வரும் ஒரே புயல் இத்தனை ஆறுகளிலும் ஒரே இரவில் கொட்டும். ஆனால் அவை ஒரே நாளில் தெளிவதில்லை. நெகானிகமும் கில்சிஸும் முந்திக்கொள்ளும். அடுத்து வில்சன், ட்ராஸ்க், நெஸ்டக்கா. நெஹேலம் கடைசி, பெருமழைக்குப் பிறகு அதற்கு ஒரு வாரம்கூடப் போதாமல் போகும்.

காரணம் எளிது. கில்சிஸ் குட்டை ஆறு, செங்குத்தான மலையிலிருந்து இறங்குகிறது. பெய்த மழை சீக்கிரம் வடிந்துவிடும். நெஹேலமோ சுமார் 190 கிலோமீட்டர் வளைந்து வளைந்து, பரந்த நிலப்பரப்பின் மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது. மேல்பகுதியின் கலங்கல் கீழே வந்து சேரவே நாளாகும்.

எங்கள் வீட்டில் அரிசி களையும்போது முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று பார்ப்போம். ஆற்றையும் அப்படித்தான் பார்க்கிறேன். முதல் தண்ணீர் போல இருந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம். மூன்றாம் தண்ணீர்ப் பதத்துக்கு வந்து, அதன் மேல் பச்சை ஏறியிருந்தால் அதுதான் நாள். முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது காலணியின் நுனி மங்கலாகத் தெரிய வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் மீனும் உங்களைப் பளிச்சென்று பார்க்கும்.

இந்த வரிசை தலைகீழாகவும் பயன்படும். இரண்டு வாரம் மழையில்லாமல் போனால் கில்சிஸ் கண்ணாடியாகி, மீன் மிரண்டு ஒதுங்கிவிடும். அப்போது மற்றவர்கள் கைவிட்ட நெஹேலத்துக்குப் போக வேண்டும். ஆகவே ஒரு ஆற்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் தெளியும் ஆறு ஒன்று, தாமதமாகத் தெளியும் ஆறு ஒன்று என்று இரண்டைப் பழகிக்கொள்ளுங்கள்.

படகில்லை என்று வருந்தவும் வேண்டாம். ஆறு சற்று உயர்ந்து ஓடும்போது நடு ஓட்டம் மீனுக்கும் தாங்காது, கரையோரம் ஒதுங்கும். குளிர்ந்த நீரில், ஆள் நடக்கிற வேகத்தில் ஓடும் இடங்களையே அது விரும்பும். தண்ணீருக்குள் கால் வைப்பதற்கு முன் காலடி ஓரத்தில் முதல் வீச்சைப் போடுங்கள். நேராக இறங்கி இடுப்பளவு நீரில் நிற்பவர்கள், மீன் இருந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இறங்க இடம் வேண்டுமே என்றால், வில்சன் ஆறு நல்லது. போர்ட்லாந்திலிருந்து போகும் 6-ஆம் எண் நெடுஞ்சாலை அதன் கூடவே ஓடுகிறது. மேல்பகுதி அரசுக் காடு. கீழே பால்பண்ணைகள், தனியார் நிலம்; கேட்காமல் வேலி தாண்டக் கூடாது. நகரத்துக்குப் பக்கமாக வேண்டுமானால் சாண்டி ஆறு. அதன் கிளையான சீடர் ஓடையில் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. அங்கே வளர்ந்த மீன்கள் வாசனை பிடித்து அந்த ஓடையைத் தேடியே வருவதால், ஓடை சேரும் பகுதியில் கரைக்காரருக்கும் வாய்ப்பு உண்டு.

வில்சன் கரையின் அந்தக் காட்டைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1933-இல் மரம் வெட்டும் இடத்தில் பிடித்த தீ அந்த மலைகளைப் பொசுக்கியது. 1939, 1945, 1951 என்று ஆறாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் எரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் கையால் நட்ட கன்றுகள்தான் இன்றைய டில்லமூக் காடு. மரமில்லாத சரிவும், மரம் ஏற்றும் லாரிக்காக வெட்டிய மண் பாதையும் மழையில் கரைந்து ஆற்றுக்கு வருகின்றன. அந்த மண் தூண்டில்காரரின் ஒரு வார இறுதியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. கூழாங்கற்களுக்கிடையே கிடக்கும் முட்டைகளை மூடி மூச்சடைக்க வைக்கிறது. ஓடைக்கரையில் விட வேண்டிய மரங்களை இன்னும் அகலமாக விட வேண்டும் என்று மரத் தொழில் நிறுவனங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் 2021-இல் உடன்பட்டன; மறு ஆண்டே அது சட்டமானது. நல்ல காரியம், ஆனால் மிகத் தாமதம்.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னதாக ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். பொரிப்பக மீனுக்கு அதைக் குஞ்சிலேயே நறுக்கிவிடுவார்கள். அந்த இடம் தழும்பாகத் தடவுப்படும். துடுப்பு முழுதாக இருந்தால் அது காட்டு மீன், திருப்பி விட வேண்டியது. படத்துக்காக அதைத் தூக்கிப் பிடித்து, கல்லில் கிடத்தி, பிறகு விடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பசிபிக் சால்மன் ஒருமுறை முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படியல்ல, பிழைத்தால் கடலுக்குப் போய் மறுபடி வரும். அந்த இரண்டாம் வரவை நாம் கெடுக்கக் கூடாது. தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றிவிடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு ஆழமில்லாத இடங்களில், சுற்றிலும் பாசி படிந்திருக்க, நடுவே மட்டும் துடைத்துவைத்த மாதிரி கூழாங்கல் திட்டு தெரிந்தால் அது முட்டைக் குழி; மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

வாசகருக்கு என் முடிவு: இந்தக் குளிர்காலத்துக்கு வில்சன், அது கலங்கியிருந்தால் கில்சிஸ், வானம் வறண்டால் நெஹேலம். மீன்பிடி உரிமத்தோடு ஸ்டீல்ஹெட்டுக்கான தனி அட்டையும் வாங்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் கிளம்புமுன் ஒரிகன் மீன்வள வனவிலங்குத் துறையின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.