ஏரிக்கரையில் கோழி வளர்ப்பவர்களுக்கு

ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கம் கம்பெனி மதில் முடிந்ததும் பல இடங்களில் ஏரிக்கரை வந்துவிடும். ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்ட லைன் வீடுகளின் கொல்லையில் இன்றும் நாலைந்து நாட்டுக்கோழி மேய்கிறது. 2014-இல் குட்டநாட்டு வாத்துகள், 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரிப் பண்ணைகள் என்று பறவைக்காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம், "இருக்கிற கோழியை விற்றுவிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. விற்க வேண்டாம். இரண்டு பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

ஒன்று, விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழியை ஏரிப் பக்கம் விடுவது. பறவைக்காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 கிருமி நீர்ப்பறவைகளின் குடலில், பல நேரம் நோயே காட்டாமல் தங்கியிருந்து எச்சத்தோடு வெளியேறும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வருகின்றன. அவற்றுக்கு வேடந்தாங்கலும் ஒன்றுதான், நம் ஏரியும் ஒன்றுதான். எச்சத்தில் இந்தக் கிருமி 37 டிகிரி சூட்டிலும் 6 நாள் தாங்கும். குளிர்ந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும். வாத்து கோழியிடம் வர வேண்டியதில்லை, கரைச் சேற்றை மிதித்த செருப்பே போதும்.

ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரையாவது கொல்லையிலேயே வலை கட்டி அடையுங்கள். ஏரித் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் வையுங்கள். பழைய சோற்றையும் குருணையையும் முற்றத்தில் வீசினால் கோழிக்கு முன்னால் காக்கை இறங்கிவிடும். கூரைக்குள் தட்டில் வையுங்கள். கூண்டுக்குள் போக ஒரு ஜோடி செருப்பைத் தனியாக ஒதுக்குங்கள். இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாமாகத்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. கோழி தலையைத் தொங்கப்போட்டதும், உயிர் போவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடுகிறோம். ஆசையாய் வளர்த்த கோழி வீணாகக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. 70 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்த கறியில் கிருமி சாகும். ஆனால் அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் அது உயிரோடுதான் இருக்கும். 2025 மார்ச்சில் ஆந்திராவின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை இந்தக் காய்ச்சலில் இறந்தது. கறி நறுக்கும்போது பச்சைத் துண்டு ஒன்றைக் குழந்தை தின்றதாகச் செய்திகள் கூறின.

நம் பக்கம் கோழி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் வெள்ளைக்கழிச்சல்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும். அதற்குத் தடுப்பூசி உண்டு. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் முகாம் நடத்தும், தவறவிடாதீர்கள். எச்5என்1 பறவைக்காய்ச்சலுக்கோ இங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போட அனுமதி இல்லை. கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, முகம் வீங்குவது, நேற்று நன்றாக மேய்ந்தது இன்று செத்துக் கிடப்பது அதன் அறிகுறிகள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். உறுதி சொல்ல வேண்டியது போபாலில் உள்ள ஆய்வகம்.

கோழி செத்ததை வெளியே சொன்னால் ஒரு கிலோமீட்டர் சுற்றில் எல்லார் கோழியையும் அழிப்பார்களே என்று பயந்து சத்தமில்லாமல் புதைப்பவர்கள் உண்டு. அழிக்கப்படும் கோழிக்கு அரசு இழப்பீடு தரும். தானாகச் செத்ததற்குக் கிடைக்காது. தாமதித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

இரண்டு மூன்று கோழி அடுத்தடுத்து செத்தால் ஏரியில் வீசாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பை மாட்டி எடுத்து, நாயும் பூனையும் அண்டாதபடி மூடி வைத்துவிட்டு, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். அடுத்த பத்து நாளுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், கோழி செத்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.